திருப்பாவைக்கு இசை தந்த செல்வர்

மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால், பூவிருந்தவல்லி, திருமழிசை, திருநின்றவூர் எனச் சென்னைக்கு மேற்கே விளங்கும் திருத்தலங்களிலும், அம்பத்தூர், ஆவடி முதலிய ஊர்களின் பெருமாள் கோயில்களிலும் விடியற்காலையில் திருப்பாவை முழங்குவதைக் கேட்கலாம். சந்நிதியில் கோஷ்டியார் பாசுரங்களைச் சேவிப்பது ஒரு முறை. மண்டபத்தில் பஜனை அன்பர்களும் மாதர் குழுவினரும் இராக தாளங்களோடு பாடுவது மற்றொரு முறை. இவ்விரண்டாம் முறையில் இன்று பெரிதும் வழங்கிவரும் வர்ணமெட்டுக்களை அமைத்துத் தந்தவர் சங்கீத மேதை அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் ஆவார். நாள்தோறும் அவருடைய இசையைப் பாடுவோரில் அவர் பெயரை அறியாதவரும் உளர். அவர் வாழ்வை அறிந்துகொள்வது, பெரியோரின் இசையை நாம் எவ்வாறு பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் அறிந்துகொள்வதாகும்.

காரைக்குடிக்கு அருகே உள்ள அரியக்குடி, திருவேங்கடமுடையான் கோயில் கொண்டு, தென் திருப்பதி என்று அன்பர்களால் போற்றப்படும் ஊர். அவ்வூரில் 1890-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் ஐயங்காரவர்கள் பிறந்தார். இளமையில் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும், பின்னர் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் பயின்று, அதன்பின் இராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் குருகுலவாசம் செய்தார். பூச்சி ஐயங்கார் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர். பட்டணம் ஐயரோ மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரின் சீடர். வேங்கடசுப்பையர் ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளிடமே நேரில் பயின்றவர். இவ்வாறு திருவையாற்றில் ஊற்றெடுத்த கீர்த்தனைச் செல்வம், குரு பரம்பரை வழியாக அரியக்குடி வந்து சேர்ந்தது.

குருகுலத்தில் கல்வியின் தொடக்கம் குருவைப் போலச் செய்வதேயாகும். அவர் பாடியதை அவ்வாறே திருப்பிப் பாட வேண்டும். அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவர் அசைத்த ஸ்வரத்தை அசைத்து, பாடம் நெஞ்சில் பதியும்வரை பன்முறை பாட வேண்டும். இதில் குறை ஒன்றுமில்லை. குழந்தை தாயின் வாய்மொழியைக் கேட்டுத்தானே பேசக் கற்கிறது! ஆயினும் வளர்ந்த பின்னும் தாயின் சொற்களையன்றித் தன் சொல்லை அறியாத பிள்ளையைக் கண்டு எந்தத் தாயும் மகிழமாட்டாள். போலச் செய்தல் வாயிற்படி. அதைக் கடந்து உள்ளே சென்றவரே இல்லத்தவர் ஆவர்.

ஐயங்காரவர்கள் அவ்வாயிலைக் கடந்தவர். அவர் கச்சேரி செய்யத் தொடங்கிய காலத்தில், ஒரு கச்சேரி பல மணி நேரம் நீடிப்பதும், அதில் பெரும்பகுதி இராகம் தானம் பல்லவிக்கே செல்வதும் வழக்கம். அதில் ஆழ்ந்த ஞானமுடையோர் இன்புற்றனர். பொதுமக்களில் பலர் பின்தொடர இயலாமல் தவித்தனர். ஐயங்காரவர்கள் விறுவிறுப்பான வர்ணத்தில் தொடங்கி, பல கீர்த்தனைகளை மத்யம காலத்தில் அளவான ஆலாபனையோடும் ஸ்வரத்தோடும் பாடி, நடுவே கனமான இராகத்தையும் பல்லவியையும் வைத்து, இறுதியில் பதம், ஜாவளி, தமிழ்ப் பாடல், தில்லானா எனச் சிறு உருப்படிகளால் நிறைவு செய்யும் பத்ததியை நிலைநாட்டினார். இன்றும் கச்சேரி மேடைகளில் பெரும்பாலும் காணப்படுவது அந்தப் பத்ததியே.

இங்கு ஒரு கேள்வி எழலாம். குருநாதரின் காலத்து முறையை மாற்றியது குருவுக்குச் செய்த பிழையாகாதோ? ஆகாது. கீர்த்தனைகளின் பாட சுத்தம் குருவினுடையது. தாளக் கட்டும், பல்லவி பாடும் வன்மையும் அக்குலத்தினுடையவை. இவற்றில் ஒன்றையும் அவர் கைவிடவில்லை. பெற்ற பொருளைத் தம் காலத்துக் கேட்போருக்கு ஏற்ற பாத்திரத்தில் இட்டு வழங்கினார், அவ்வளவே.

அவர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும் உடையவர் ஸ்ரீ ராமாநுஜரின் சரிதத்திலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டு. திருமாலையாண்டானிடம் எம்பெருமானார் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டபோது, ஆசிரியர் சொன்ன பொருளோடு வேறு பொருளையும் தாம் விண்ணப்பித்தார். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் என்று ஆண்டான் வருந்திக் காலட்சேபத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி தலையிட்டு, அப்பொருள்கள் ஆளவந்தார் திருவுள்ளத்தில் இருந்தவையே என்று தெளிவித்த பின்னர் பாடம் மீண்டும் தொடர்ந்தது. ஆளவந்தாரின் சொல்லை நேரில் கேட்டறியாத உடையவர் அவர்தம் கருத்தையே பேசினார் என்பது நம் பெரியோர் கண்ட உண்மை. ஆசிரியனின் ஒலியைப் பெறுவது ஒன்று, உள்ளத்தைப் பெறுவது மற்றொன்று.

ஐயங்காரவர்களைப் பின்பற்றியோரிடமும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 1910-இல் பிறந்த ஜி. என். பாலசுப்பிரமணியம் அவரைத் தம் மானசீக குருவாகக் கொண்டவர். ஆயினும் ஜி.என்.பி.யின் துரிதமான பிருகாக்களும், நாகஸ்வரத்தின் சாயல் படிந்த இராக ஆலாபனையும் ஐயங்காரவர்களின் பாட்டைப் போன்றவை அல்ல. கச்சேரியின் கட்டுக்கோப்பை அவரிடமிருந்து பெற்றார், குரலைத் தம்முடையதாகவே வைத்துக்கொண்டார். அதே ஜி.என்.பி.யைக் கேட்டு மயங்கிய இளைஞர் பலர், அவருடைய பிருகாக்களை மட்டும் பிடித்துக்கொள்ள முயன்றனர். அவ்வேகத்தைத் தாங்கும் சாரீரமும் அதன் பின்னிருந்த சிந்தனையும் வாய்க்காதவர்களிடம் அது வெறும் சாயலாகவே நின்றது. மாறாக, அரியக்குடியின் குருகுலத்தில் வளர்ந்த பாலக்காடு கே. வி. நாராயணஸ்வாமி, குருவின் பாடாந்தரத்தைச் சிறிதும் வழுவாமல் காத்து, அதைத் தம் மென்மையான குரலுக்கு ஏற்ற அமைதியான இசையாக வடித்தார். கேட்போர் அவரிடம் குருவையும் கண்டனர், அவரையும் கண்டனர்.

இனித் திருப்பாவைக்கு வருவோம். ஆண்டாள் அருளிய முப்பது பாசுரங்களுக்கும் ஐயங்காரவர்கள் அமைத்த இராகங்களின் வரிசையை உற்று நோக்கினால் ஓர் அழகு புலனாகும். முதல் ஐந்து பாசுரங்கள் முறையே நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய இராகங்களில் அமைந்துள்ளன. தியாகராஜ ஸ்வாமிகளின் கனராக பஞ்சரத்தினங்கள் ஐந்தும் இதே வரிசையில் அமைந்தவை அல்லவா! தம் பரம்பரையின் முதல்வருக்கு இதனினும் சிறந்த வணக்கம் ஏது? ஆயினும் பஞ்சரத்தினத்தின் மெட்டு எதனையும் எடுத்துப் பாசுரத்தின்மீது போர்த்தவில்லை. பல சரணங்களோடு விரிந்து செல்லும் கீர்த்தனை வேறு, எட்டடியில் நிறையும் பாசுரம் வேறு. பாசுரத்தின் சீரும் தளையும் விரும்பிய நடையிலேயே மெட்டு அமைந்தது. கூடாரவல்லித் திருநாளுக்குரிய இருபத்தேழாம் பாசுரம் பூர்விகல்யாணியில் நெகிழ்கிறது. நோன்பின் குறிக்கோளை வெளியிடும் இருபத்தொன்பதாம் பாசுரம் மங்களகரமான மத்யமாவதியிலும், பலன் கூறும் முப்பதாம் பாசுரம் சுருட்டியிலும் நிறைவெய்துகின்றன.

இம்மெட்டுக்களை எம். எல். வசந்தகுமாரி பாடிய இசைத்தட்டு ஒலிபெருக்கி வழியே ஊர்தோறும் பரப்பியது. அதனால் விளைந்த நன்மை பெரிது. குருமுகமாகப் பயிலும் வாய்ப்பில்லாத இல்லத்தரசியரும், அலுவலகத்தினின்று திரும்பி மாலையில் கூடும் தொழிலாளரும், பள்ளிச் சிறுமியரும் முப்பது பாசுரங்களையும் இராகத்தோடு கற்றனர். ஆயினும் இதனுள் ஓர் இடரும் மறைந்திருக்கிறது. தேர்ந்த வித்வாம்ஸினியின் சங்கதிகளை அவ்வாறே பாட முயலும்போது மூச்சு போதாமற் போகிறது. ஒரு சொல்லின் நடுவே மூச்சு வாங்கினால் சொல் இரண்டாக உடைகிறது, பொருள் மாறுகிறது. சங்கதி ஒருவாறு வந்துவிடுகிறது, ஆண்டாளின் வாக்கு தவறிவிடுகிறது.

சொல்லைப் பிரிப்பதில் ஐயங்காரவர்கள் கொண்ட கவனம் பெரியோரும் அறிந்தது. 1960களின் தொடக்கத்தில் செட்டிநாட்டில் எழுந்தருளியிருந்த காஞ்சி மகாஸ்வாமிகள், முத்துசுவாமி தீட்சிதர் காம்போதியில் அருளிய சுப்பிரமணியர் கீர்த்தனை ஒன்றைப் பதம் பிரியாமல் பொருள் விளங்கப் பாடுமாறு அவரையே பணித்துக் கேட்டார் என்பது இசையுலகில் போற்றிச் சொல்லப்படும் செய்தி. பாடும் திறமையுடையோர் பலர் இருக்க அவர் அழைக்கப்பட்டது எதனால் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆகவே, அவர் மெட்டைப் பாடும் அன்பர்கள் அவரிடமிருந்து முதலில் பெறவேண்டுவது இக்கவனத்தையே. பாசுரத்தை முன்னம் இசையின்றிச் சேவித்து, பதம் பிரித்து, பொருள் உணர்ந்து கொள்க. பின்னர் மெட்டைப் பாடுக. மூச்சு தாங்காத சங்கதியை விட்டுவிட்டு, இராகத்தின் உருவைத் தம் குரல் இசைந்த அளவில் காட்டினால் போதும். அங்ஙனம் எளிமையாகப் பாடுவோர், இசைத்தட்டை இம்மியும் பிசகாமல் ஒப்பிப்போரினும் அரியக்குடிக்கு நெருங்கியவர் ஆவர்.

1938-இல் சென்னை மியூசிக் அகாடமியின் மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் பேறு ஐயங்காரவர்களுக்குக் கிட்டியது. 1952-இல் சங்கீத நாடக அகாடமி விருதும், 1958-இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. 1967-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் அவர் பரமபதம் எய்தினார். அது தை மாதத்தின் தொடக்கம். அவருடைய மெட்டுக்களில் ஊரெங்கும் திருப்பாவை பாடி முடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன.