கல்லெழுத்தைக் காத்த கை

மத்திய அமெரிக்கக் காடுகளிலே புதைந்து கிடந்த மாயா மக்களின் கோயில்களையும் சிலைகளையும் காட்டும் பழைய படங்களை, வண்ணந் தீட்டிய படிகளாக நம்மிற் பலர் கண்டிருத்தல் கூடும். அவற்றின் மூலங்களை வரைந்தவர் பிரெடெரிக் கதர்வூட் என்னும் ஆங்கிலேயர். படங்களை அறிந்த அளவுக்கு அவர்தம் வாழ்வை நாம் அறிந்தோமில்லை.

1799 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் ஹொக்ஸ்ரன் பகுதியிலே பிறந்த கதர்வூட், கட்டடக் கலை பயின்று, இத்தாலி, கிரேக்கம், எகிப்து முதலிய நாடுகளிற் பழம் கட்டடங்களை அளந்து வரைந்து திரிந்தார். 1833 இல், முஸ்லிம் அல்லாதார் புகலாகாதிருந்த எருசலேமின் பாறைக் குவிமாடப் பள்ளியுள் எகிப்தியப் படை அதிகாரியின் உடையிலே புகுந்து, பல வாரங்கள் தங்கி அதனை வரைந்தார். உயிரைப் பணயம் வைத்துச் செய்த அவ்வேலையை அவர் பெரிதாகப் பறைசாற்றியதில்லை.

1836 இல் இலண்டனிலே அமெரிக்க வழக்கறிஞரும் பயண நூலாசிரியருமான யோன் லொயிட் ஸ்ரீவன்ஸ் அவருக்கு நண்பரானார். இருவரும் 1839 இல் நியூயோர்க்கிலிருந்து கப்பலேறினர். பயணத்தைப் பற்றிக் கதர்வூட் தனியே எதுவும் எழுதி வெளியிடலாகாது என்பது அவர்களிடையே இருந்த உடன்படிக்கை. எழுத்து ஒருவருக்கு, கோடு மற்றவருக்கு! அவர் குரல் நமக்குக் கேளாது போனமைக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஹொண்டுராஸ் நாட்டின் கோப்பானிலே, பழம் பதியின் உரிமையை 50 டொலருக்கு ஸ்ரீவன்ஸ் பெற்றார் என்ற கதையைப் பலரும் சொல்வர். எனக்கு அதனினும் அரியதாகத் தோன்றுவது கதர்வூட்டின் முதல் நாள் தோல்வியே. சேற்றிலே கால் புதைய நின்று, கொசுக் கடிக்கு அஞ்சிக் கையுறை அணிந்து, அவர் ஓர் உயர்ந்த கற்றூணை வரைய முற்பட்டார். கிரேக்கமும் எகிப்தும் பழக்கிய கை அங்கே தடுமாறிற்று. முன்பு கண்ட எந்தச் சிற்ப மரபிலும் அடங்காத சிக்கலான செதுக்கல் அது. வரைந்த தாள்கள் திருப்தி தராது காலடியிலே கிடந்தன. கமரா லூசிடா என்னும் பட்டகக் கருவி உருவத்தின் புறக்கோட்டைத் தாளிலே காட்டவல்லது. ஆயின் புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளும் கண்ணை எக்கருவியும் தராது. அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார், கண் பழகியது, கையும் வழிக்கு வந்தது.

அவருக்கு முன் பலெங்கேயிலே வரைந்த வால்டெக் என்பவர் மாயாச் சிற்பங்களில் யானைத் தலைகளைக் கண்டு, அவ்வாறே எழுதிவைத்தார். தாம் காண விழைந்ததை அவர் கண்டார்; கதர்வூட்டோ கல்லில் இருந்ததைக் கண்டார். பொருள் அறியாத எழுத்துக்களையும் வளைவு பிசகாது வரைந்தார். இக் கோயில்களை எழுப்பியோர் எகிப்தியரோ வேறு அயலாரோ அல்லர், அந்நாட்டு மக்களின் முன்னோரே என ஸ்ரீவன்ஸ் துணிந்து கூறியபோது, அக்கூற்றுக்குச் சான்றாக நின்றவை இப்படங்களே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மாயா எழுத்தின் மறை அவிழ்ந்த காலை, அவர் வரைந்த வடிவங்கள் பல அடையாளங் காணத் தக்கனவாய் இருந்தன.

உக்ஸ்மாலிலே காய்ச்சல் அவரை வீழ்த்தியதால் 1840 இல் இருவரும் திரும்பினர். 1841 இல் மீண்டும் யுக்கத்தான் சென்றபோது, புதிதாகத் தோன்றிய டகரோடைப் என்னும் ஒளிப்படக் கருவியையும் கொண்டு சென்றனர். அது தந்தவை போதாமையால் கதர்வூட் பென்சிலையே நம்பினார். 1842 சூலையில், நியூயோர்க்கில் அவர் நடத்திய வட்டக் காட்சி மண்டபம் தீக்கிரையாயிற்று. எருசலேமைக் காட்டிய பெருந் திரையோடு, அவர்தம் படங்கள் பலவும், காட்டிலிருந்து அரும்பாடுபட்டுக் கொணர்ந்த செதுக்கு மரவிட்டமும் சாம்பராயின.

எஞ்சியவற்றைக் கொண்டு 1844 இல் 25 கல்லச்சுப் படங்கள் கொண்ட பெருந் தொகுதியொன்றை வெளியிட்டார். 300 படிகளே அச்சாயின. அவற்றுள் மிகச் சிலவே கையால் வண்ணந் தீட்டப்பெற்றன. பொலொஞ்சென் குகைக் கிணற்றின் மாபெரும் மர ஏணியிலே நீர் சுமந்து ஏறும் மக்களை அதிலே காணலாம். துலூம் கோயிற் படத்திலே அளவு நாடா பிடித்து நிற்கும் சிற்றுருக்களுள் ஒன்று கதர்வூட்டே எனக் கருதுவோர் உளர். அதனையன்றி அவர் முகத்தைக் காட்டும் படம் எதுவும் கிடைத்திலது. வண்ணப் படிகளின் பசுமையை நான் விரும்புவேன் எனினும், வண்ணம் மிகுந்தால் கல்லின் நுண்கோடு மங்கிவிடும்; படியெடுப்போர் இதனை மறத்தல் ஆகாது.

பின்னர் அவர் தூரிகையை விட்டு இருப்புப்பாதைப் பொறியியலாளரானார். பிரித்தானியக் கயானாவின் டெமராரா இருப்புப்பாதையிலும், பின் பனாமாவிலும் பணியாற்றினார்; கலிபோர்னியாவுக்கும் சென்றார். ஸ்ரீவன்ஸ் 1852 இல் மறைந்தார். 1854 செப்டெம்பரில் லிவர்ப்பூலிலிருந்து நியூயோர்க் நோக்கி ஆர்க்டிக் என்னும் நீராவிக் கப்பலிலே கதர்வூட் பயணஞ் செய்தார். நியூபவுண்லாந்துக்கு அப்பால், மூடுபனியிலே வெஸ்டா என்னும் பிரெஞ்சுக் கப்பலோடு அது மோதி, 27 ஆம் நாள் மூழ்கிற்று. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோர் பட்டியல்கள் நாள்தோறும் வெளிவந்தன. அவற்றிலே கதர்வூட்டின் பெயர் இல்லை. வாரங்கள் கழிந்த பின்னரே, அவரும் காணப்படவில்லை என ஒரு வரி அச்சாயிற்று.