ஆபரேஷன் முடிந்த அடுத்த ஆண்டே சாம்பியன்: யார் இந்த பேப் ஸஹாரியாஸ்?

1954 ஜூலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் யு.எஸ். மகளிர் ஓப்பன் கோல்ஃப். 43 வயதுப் பெண் ஒருவர் 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயிக்கிறார். முந்தைய ஆண்டுதான் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் நடந்திருந்தது. மலம் வெளியேற வயிற்றில் போட்ட துளையோடுதான் நாலு ரவுண்டும் ஆடினார்.

அவர் பேப் டிட்ரிக்சன் ஸஹாரியாஸ். 1911-ல் டெக்சாஸில், நார்வேயிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். கோல்ஃபுக்கு வரும் முன்பே ஸ்டார். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதல், 80 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம், உயரம் தாண்டுதலில் வெள்ளி. அதுக்கு மேல் வாங்க வழியில்லை. பெண்களுக்கு அப்போது மூணு தடகளப் போட்டிக்குத்தான் அனுமதி.

கோல்ஃபில் சிக்கல் வேறு மாதிரி. விளையாட்டில் சம்பாதித்தவர் என்று 1935-ல் அமெச்சூர் தகுதியைப் பறித்துவிட்டார்கள். சரி, புரொஃபஷனலா ஆடலாம்னா, பெண்களுக்குப் போட்டிகளே பெரிதாக இல்லை. 1943-ல் தகுதி திரும்பியது. 1947-ல் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் பட்டம், அதை வென்ற முதல் அமெரிக்கர் இவர்தான். 1950-ல் 13 பெண்கள் சேர்ந்து எல்.பி.ஜி.ஏ.வைத் தொடங்கினார்கள். அதில் பேப்பும் ஒருவர்.

புற்றுநோய் என்ற வார்த்தையையே வீட்டுக்குள் மெதுவாகச் சொன்ன காலம் அது. பேப் மறைக்கவே இல்லை. பொதுவெளியில் பேசினார், நிதி திரட்டினார்.

1955-ல் நோய் திரும்பியது. அந்த ஆண்டும் இரண்டு பட்டங்கள் ஜெயித்தார். 1956 செப்டம்பர் 27, கால்வெஸ்டன் மருத்துவமனையில் மறைந்தபோது வயது 45. மொத்தம் 10 மேஜர் பட்டங்கள்.