குலுங்குற வண்டிக்குக் குளிர் கொடுத்தவர்

மசினகுடின்னதும் ஊட்டி மாதிரியே குளிரும்னு நினைக்கிறீங்களா? கல்லட்டி வழியா 36 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பாருங்க. கீழே மழை மறைவுப் பகுதி. மார்ச், ஏப்ரலில் வெயிலும் புழுதியும்தான். அங்கே என் மாமாவிடம் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. கண்ணாடியை இறக்கினால் புழுதி, ஏற்றினால் வேக்காடு. போன வருஷம் ஏ.சி. கம்ப்ரஸர் ஜாம் ஆகி, கடன் வாங்கிப் புதுசு மாட்டினார். இரண்டே மாதத்தில் அதுவும் ஜாம்!

காரணத்தைக் கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒருத்தரை உங்களுக்கு அறிமுகப்படுத்தணும். ஓடுற லாரிக்குள்ள குளிரை நிலைநிறுத்திய ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ்.

பிறந்தது 1893-ல், அமெரிக்காவில். (நம்ம கோவை ஜி.டி. நாயுடு பிறந்ததும் அதே வருஷம்தான்!) ஜோன்ஸ் கறுப்பினத்தவர். சின்ன வயசிலேயே தாயும் இல்லை, தந்தையும் கூட இல்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்தான் வளர்த்தார். பள்ளிப்படிப்பு பாதியிலேயே நின்றது. ஒரு மோட்டார் கராஜில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே மெக்கானிக் ஆனார்.

1912-ல் மினசோட்டா மாநிலத்தின் ஹாலக் என்ற சிற்றூருக்குப் போய், ஒரு பெரிய பண்ணையின் இயந்திரங்களைப் பராமரித்தார். முதல் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸ் போனார். திரும்பி வந்ததும் ஊர் வானொலி நிலையத்துக்கு டிரான்ஸ்மிட்டர், ஊர் தியேட்டரில் பேசும் படம் ஓட்ட ஒலிக்கருவி என்று எல்லாம் தானே செய்தார். பழைய இரும்பும் கழித்துப்போட்ட பாகங்களும்தான் அவருக்கு ஸ்டோர் ரூம். அந்த ஒலிக்கருவியைப் பற்றிக் கேள்விப்பட்ட மினியாபொலிஸ் தொழிலதிபர் ஜோசப் நியூமெரோ, அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் இறைச்சி, காய்கறி லாரிகளில் ஐஸ் கட்டிதான் வைப்பார்கள். வழியில் உருகினால் லோடு முழுக்க நாசம். அப்போ லாரியில் குளிர் இயந்திரத்தை வைத்தால் என்ன? வைத்துப் பார்த்தார்கள். தரையில் அசையாமல் நிற்கும் இயந்திரம், ரோட்டில் குலுங்கினால் என்ன ஆகும்? போல்ட் தளரும், குழாய் இணைப்பில் விரிசல் விழும், கேஸ் போய்விடும்.

1938-ல் ஜோன்ஸ் இதைக் கையில் எடுத்தார். பாகங்களைக் குறைத்து, அதிர்ச்சி தாங்கும்படி, தனி பெட்ரோல் இன்ஜினில் ஓடும் யூனிட்டைச் செய்தார். முதலில் அதை லாரிக்கு அடியில் தொங்கவிட்டார். ரோட்டுச் சேறும் தூசியும் ஏறிக் கெடுத்தன. விடவில்லை. எடையைக் குறைத்து, பெட்டியின் முன்புறம் உயரத்துக்கு மாற்றினார். பிரச்சினை தீர்ந்தது. அவரும் நியூமெரோவும் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய தெர்மோ கிங். இரண்டாம் உலகப் போரில் ரத்தம், மருந்து, உணவு கெடாமல் போய்ச் சேர அவருடைய யூனிட்டுகள் உதவின.

60-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருக்கின்றன. 1961-ல் மறைந்தார். அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது 1991-ல். முப்பது வருஷம் தாமதம்!

சரி, மாமாவோட பிக்கப்புக்கு வருவோம். இரண்டாவது தடவை வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன், கம்ப்ரஸரைத் தொடுறதுக்கு முன்னாடி பிராக்கெட்டை ஆட்டிப் பார்த்தார். காட்டு ரோட்டுக் குலுக்கலில் போல்ட் தளர்ந்து, பெல்ட் கோணலாக ஓடியிருந்தது. குழாயைக் கழற்றினால், முதல் கம்ப்ரஸர் அரைத்துவிட்ட இரும்புத்தூள் உள்ளேயே கிடந்தது. புதுசு மாட்டினவங்க குழாயைக் கழுவவே இல்லை, டிரையரையும் மாற்றவில்லை. அந்தத் தூள்தான் புது கம்ப்ரஸரையும் தின்றிருக்கிறது. அண்ணன் குழாய்களை ஃபிளஷ் செய்து, டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் மாற்றி, பிராக்கெட்டை நேராக்கி, ஆயிலை அளந்து ஊற்றி, வேக்கம் போட்டுக் கேஸ் ஏற்றினார். இந்தக் கோடை முழுக்க ஏ.சி. ஓடியது.

அந்த அண்ணனும் காலேஜ் வாசல் மிதிக்காதவர்தான். நாம நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸ் படிக்கிறோம். அடுத்த தடவை ஒரு பாகம் கெட்டால், உடனே புதுசு வாங்க ஓடாதீங்க. ஏன் கெட்டதுன்னு முதலில் கேளுங்க. லாரிக்கு அடியில் ஏறிய சேற்றைப் பார்த்து ஜோன்ஸ் கேட்டதும் அதே கேள்விதான்.