நந்தி மலையில் காந்தியடிகள்

1869ஆம் ஆண்டு போர்பந்தரில் பிறந்த காந்தியடிகள், நாட்டு விடுதலைக்காக ஓயாது உழைத்தார். 1927ஆம் ஆண்டு கதர் இயக்கத்திற்காக ஊர் ஊராகப் பயணம் செய்தபோது அவர் உடல் தளர்ந்தது. இரத்த அழுத்தம் மிகுந்தது. மருத்துவர்கள் பயணத்தை நிறுத்துமாறு கூறினர். செல்ல வேண்டிய ஊர்கள் பல காத்திருந்தன; எனினும் அவர் மருத்துவர் சொல்லை ஏற்றார். மைசூர் நாட்டு நந்தி மலையின் குளிர்ந்த சூழலில் சில வாரங்கள் தங்கி ஓய்வெடுத்தார். உடல் தேறியபின், அவ்வாண்டே தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கும் சென்று கதர்ப்பணியைத் தொடர்ந்தார்.

திங்கட்கிழமைதோறும் பேசாநோன்பு காப்பதும் அவர் வழக்கம். அன்று சொல்ல வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் காட்டுவார். 1948இல் மறையும்வரை பெரும்பணி ஆற்றிய அவர் வாழ்க்கை, ஓய்வும் உழைப்பின் ஒரு பகுதியே என்பதை நமக்கு உணர்த்துகிறது.

சொற்பொருள்: பேசாநோன்பு – மௌன விரதம், தேறுதல் – நலம் பெறுதல்.