வேலை போனால் உதவித்தொகை: அமெரிக்காவில் அதைச் சட்டமாக்கிய பிரான்சஸ் பெர்கின்ஸ்

1911 மார்ச் 25. நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீ. கதவு பூட்டிக் கிடந்ததால் பலர் ஜன்னல் வழியே குதித்தார்கள். 146 பேர் பலி, பெரும்பாலும் இளம்பெண்கள். பக்கத்தில் தேநீர் விருந்துக்கு வந்திருந்த பிரான்சஸ் பெர்கின்ஸ், ஓடிவந்து அதை நேரில் பார்த்தார்.

பிறகு மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையம் ஊர் ஊராகப் போய்ப் பொதுவில் சாட்சியம் கேட்டது. பெர்கின்ஸ் அதோடு நிற்கவில்லை. ஆணைய உறுப்பினர்களைத் தொழிற்சாலைகளுக்கே கூட்டிட்டுப் போனார். தீ வந்தால் தப்பிக்கும் வழின்னு காட்டப்பட்ட சின்ன ஓட்டையில் ராபர்ட் வாக்னரைத் தவழவைத்தார். வெளியே பனி உறைந்த ஏணி, அதுவும் தரையைத் தொடவே இல்லை. இந்த வாக்னர்தான் பின்னாளில் சமூகப் பாதுகாப்பு மசோதாவை செனட்டில் கொண்டுவந்தவர்.

1933-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. தொழிலாளர் துறை அமைச்சராகும்படி ரூஸ்வெல்ட் கேட்டபோது, பெர்கின்ஸ் ஒரு பட்டியலை நீட்டினார். வேலையின்மைக் காப்பீடும் அதில் இருந்தது. ரூஸ்வெல்ட் சம்மதித்த பிறகே பதவியேற்றார். அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் அவர்தான்.

1934-ல் அவர் தலைமையில் குழு அமைந்தது. நவம்பரில் வாஷிங்டனில் மாநாடு கூட்டிப் பல தரப்பின் கருத்தையும் கேட்டார்கள். ஆனா பெரிய பயம் வேற: உச்ச நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்துவிட்டால்? ஒரு தேநீர் விருந்தில் நீதிபதி ஹார்லன் ஸ்டோன், வரிவிதிக்கும் அதிகாரம் போதும்னு அவர் காதில் போட்டுவைத்தார். நீதிபதி செய்யக்கூடிய காரியமா என்பது தனிக் கேள்வி!

மத்திய அரசே நடத்துவதா, மாநிலங்களா என்று குழுவில் இழுபறி. பெர்கின்ஸ் உறுப்பினர்களை வீட்டுக்கு அழைத்து, மேஜையில் ஒரு விஸ்கி பாட்டிலை வைத்து, முடிவெடுக்காமல் யாரும் போகக் கூடாதுன்னு சொல்லிவிட்டார். நள்ளிரவு தாண்டி முடிவு வந்தது.

வழி இதுதான். முதலாளிகள் தரும் சம்பளத்தின் மீது மத்திய அரசு வரி போடும். மாநிலம் சொந்தமாகக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தால், அதற்குக் கட்டுவதை அந்த வரியில் 90 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். சட்டம் போடாத மாநிலத்தின் முதலாளிக்கு முழு வரி, தொழிலாளிக்கோ ஒண்ணும் இல்லை. எந்த மாநிலம் சும்மா இருக்கும்? 1935 ஆகஸ்ட் 14-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். 1937-க்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் போட்டன. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் 5-க்கு 4 என்ற கணக்கில் ஏற்றது.

விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் செய்தது அந்த வேலைகளைத்தான். 1965-ல் பெர்கின்ஸ் இறந்தபோதும் அவர்களில் பெரும்பாலோர் வெளியேதான் இருந்தார்கள்.