உடைகளால் உயர்ந்த மாயக்காரர்: பலெர்மோவின் கலியொஸ்த்ரோ

பலெர்மோவில் வாழும் எம்மவர்கள் பல்லரோ சந்தையை அறியாமல் இருக்க முடியாது. மீனுக்கும் மரக்கறிக்கும் நாங்கள் போய்வரும் அந்தச் சந்தையைச் சுற்றியுள்ள பழைய குடியிருப்புக்கு அல்பெர்கெரியா என்று பெயர். அங்குள்ள ஒடுங்கிய ஒழுங்கைகளில் ஒன்று கலியொஸ்த்ரோ பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் அரசவைகளையெல்லாம் மயக்கிய மாயக்காரர் அவர். ஆனால் அவர் பிரபுவும் அல்ல, அவருடைய இயற்பெயர் கலியொஸ்த்ரோவும் அல்ல. 1743 யூன் 2இல் இந்த அல்பெர்கெரியாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஜூசெப்பே பல்சமோ என்பவரே அவர்.

தந்தை பியெத்ரோ பல்சமோ மகன் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாய் ஃபெலிச்சித்தா உறவினர்களின் உதவியோடு மகனையும் மகளையும் வளர்த்தார். மகனை ஒரு சமயப் பள்ளியில் சேர்த்தார்கள். பின்னர் கல்தஜிரோனே என்ற ஊரில் நோயாளரைப் பராமரிக்கும் துறவிகளிடம் அனுப்பினார்கள். அங்கே துறவிகளின் மருந்துச்சாலையில் மருந்து கலக்கவும் இரசாயனப் பொருட்களைக் கையாளவும் கற்றார். பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது அந்த அறிவுதான். துறவற வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. மடத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் பலெர்மோவுக்கே திரும்பி வந்தார்.

அவருடைய முதல் பெரிய மாயவித்தை மராணோ என்ற பொற்கொல்லரை ஏமாற்றியதுதான். நகருக்கு வெளியே புதையல் இருக்கிறது, அதைப் பூதங்கள் காக்கின்றன, மந்திரத்தால் எடுக்கலாம் என்று நம்பவைத்துப் பணம் வாங்கினார். குறித்த இரவில் மந்திரம் ஓதிக்கொண்டிருக்கையில் பேய்கள் பாய்ந்து வந்து பொற்கொல்லரை நையப் புடைத்தன. அந்தப் பேய்கள் வேறு யாருமல்ல, வேடம் போட்ட பல்சமோவின் கூட்டாளிகள். மராணோவுக்கு உண்மை விளங்கியபோது பல்சமோ ஊரைவிட்டு ஓடிவிட்டார். அந்த ஓட்டம் கடைசிவரை நிற்கவேயில்லை.

அந்த இரவில் அவர் ஒரு பாடம் படித்திருக்க வேண்டும். மந்திரச் சொற்களைவிட உடுப்புத்தான் மனிதரை முதலில் நம்பவைக்கிறது. கண் நம்பிவிட்டால் காது பிறகு எதையும் ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு ஊருக்கும் போகும்போது அந்த ஊரார் யாரைக் கண்டால் தலைவணங்குவார்களோ, அந்த ஆளின் உடையை அவர் தேர்ந்தெடுத்தார்.

1768இல் உரோமில் லொரென்சா ஃபெலிச்சியானி என்ற இளம்பெண்ணை மணந்தார். கையில் காசில்லை. கணவனும் மனைவியும் ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ ஆலயத்துக்குப் போகும் யாத்திரிகர்களின் உடையை அணிந்துகொண்டு தெற்கு பிரான்சில் திரிந்தார்கள். யாத்திரிகருக்குப் பிச்சையிடுவது புண்ணியம். அதனால் அந்த உடை உணவும் இருப்பிடமும் தந்தது. 1769இல் எக்ஸ் நகரில் அவர்களைச் சந்தித்த கசனோவா, அந்தக் காட்சியைத் தன் நினைவுக் குறிப்புகளில் பதிந்து வைத்தார். தானே பல வேடம் போட்டவர் என்பதால் கசனோவாவுக்கு இன்னொரு வேடதாரியை அடையாளம் காண்பது சிரமமாக இருக்கவில்லை. பல்சமோவின் கைத்திறனும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை: எந்தப் படத்தையும் எந்தக் கையெழுத்தையும் அச்சு அசலாக வரையக்கூடிய கை அது.

அடுத்த உடை படைவீரனுடையது. 1777 ஏப்ரல் 12இல் இலண்டன் சோகோ பகுதியிலுள்ள ஒரு மதுவிடுதியில் கூடிய பிரீமேசன் கிளையில் அவர் உறுப்பினரானார். பிராண்டன்பேர்க் படையின் கேணல் ஜோசப் கலியொஸ்த்ரோ என்று அங்கே பதிந்துகொண்டார். அவர் எந்தப் படையிலும் பணியாற்றியவர் அல்லர். கலியொஸ்த்ரோ என்பது தாய்வழி உறவினர் ஒருவரின் பெயர். ஊரைவிட்டு வந்தவருக்கு ஊரிலிருந்து எடுத்துவந்த ஒரு பெயர்தான் புது வாழ்வின் மூலதனமானது.

அதன்பின் வந்ததுதான் அவருடைய மிகப் பெரிய வேடம். எகிப்தியச் சடங்கு என்ற பெயரில் சொந்தமாக ஒரு பிரீமேசன் மரபை உருவாக்கி, அதன் தலைவராகப் ‘பெரிய கொப்தர்’ என்று தன்னை அழைத்துக்கொண்டார். லொரென்சா செரஃபினா என்ற பெயரில் பெண்களின் கிளைக்குத் தலைவியானார். அந்தச் சடங்கில் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சடங்கில் ஒரு சிறு பிள்ளைக்கு வெள்ளை அங்கி அணிவித்து, நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவை ஒன்றின் முன் நிறுத்துவார்கள். பிள்ளை அந்த நீரில் தேவதூதர்களையும் தூரதேசத்து நிகழ்வுகளையும் கண்டு சொல்லும். வெள்ளை உடையும் பிள்ளையின் வயதும் சேர்ந்தால் பொய்க்கு இடமில்லை என்று கூடியிருந்தோர் எண்ணினர்.

எகிப்து என்ற தேர்வும் கெட்டித்தனமானது. எகிப்தியச் சித்திர எழுத்தின் பொருளைச் சம்பொலியோன் கண்டறிந்தது 1822இல். அதற்கு முன் அந்த எழுத்தை வாசிக்க ஐரோப்பாவில் ஒருவரும் இல்லை. ஆகவே எதை எகிப்தியம் என்று சொன்னாலும் மறுக்க ஆளில்லை.

1779இல் பால்டிக் கடலோரத்து மித்தாவ் நகரில் பிரபு குடும்பங்கள் அவரை நம்பின. அங்கே அவரை நம்பிய எலிசா ஃபொன் டெர் ரெக்கே என்ற பெண், பின்னர் தெளிந்து 1787இல் அவரை அம்பலப்படுத்தி நூல் எழுதினார். உருசியப் பேரரசி கத்தரின் அவரை ஒருபோதும் நம்பவில்லை. அவரைக் கேலிசெய்து நாடகம் எழுதினார். 1780இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்கு வந்த கலியொஸ்த்ரோ அங்கே ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்தார். அந்த நன்மையையும் மறைக்கக் கூடாது. கல்தஜிரோனேயில் கற்ற மருந்தறிவு அங்கே சிலருக்கு உண்மையாகவே உதவியிருக்கலாம். கர்தினால் ரொஹான் அவருடைய பக்தரானதும் அங்கேதான்.

அந்த நட்பே அவரை வீழ்த்தியது. 1785இல் பிரான்சை உலுக்கிய வைர அட்டிகை வழக்கும் ஓர் உடையின் கதைதான். அரசி மரீ அந்துவானெத்தின் அன்பை இழந்திருந்த கர்தினாலை ஏமாற்ற, லா மொத் என்ற பெண் ஒரு சூழ்ச்சி செய்தார். 1784 ஓகஸ்ட் மாதத்து இரவொன்றில், அரசி விரும்பி அணிவதுபோன்ற வெள்ளை மஸ்லின் ஆடையை இன்னொரு இளம்பெண்ணுக்கு அணிவித்து, வெர்சாய் தோட்டத்து இருளில் நிறுத்தினார். கர்தினால் அவளை அரசியென்றே நம்பினார். அரசிக்கு என்று நினைத்து 16 இலட்சம் லீவர் விலையுள்ள அட்டிகையை வாங்கிக்கொடுத்தார். அட்டிகை மோசடிக்காரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த மோசடியில் கலியொஸ்த்ரோவுக்குப் பங்கில்லை. ஆனாலும் கர்தினாலின் நண்பர் என்பதால் பஸ்தீய் சிறையில் அடைக்கப்பட்டார். தான் மதீனாவில் வளர்ந்த உயர்குலப் பிள்ளை என்று அங்கிருந்தபடியே ஒரு வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். வழக்கு மன்றத்துக்குப் பொன்சரிகை போட்ட பச்சைப் பட்டு மேலங்கியோடும், சிறு சிறு பின்னல்களாகத் தொங்கவிட்ட தலைமுடியோடும் வந்தார். நீதிபதிகளே சிரித்தார்கள். 1786 மே 31இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அரசர் அவரை நாடுகடத்தினார். வாழ்நாளில் எத்தனையோ மோசடி செய்தவர், செய்யாத ஒன்றுக்காக நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார். இலண்டனுக்குப் போனதும், இவர் பலெர்மோவின் பல்சமோதான் என்று அங்கிருந்து வெளிவந்த பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று எழுதத் தொடங்கியது.

இங்கே எங்கள் கூத்து மரபை நினைத்துப் பார்க்கலாம். கூத்தில் அரசனாக ஆடுபவர் பகலில் வயலுக்குப் போகும் அயல்வீட்டுக்காரர் என்பது சபைக்குத் தெரியும். முடியும் புயக்கட்டும் யாரையும் ஏமாற்றுவதற்கானவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வித்தைக்காரர் ரொபேர் ஊதன், மந்திரவாதியின் அங்கியை விட்டுவிட்டுச் சாதாரண கனவான்களின் மாலைநேர உடையில் மேடையேறினார். எங்கள் காலத்துக்கு அண்மையில் வங்காளத்தின் பி. சி. சர்க்கார் மகாராஜா உடையில் உலகைச் சுற்றினார். இருவருடைய உடையும் இது விளையாட்டு என்று பார்ப்பவருக்குச் சொன்னது. கலியொஸ்த்ரோவின் உடை இது உண்மை என்று சொன்னது. வித்தைக்கும் மோசடிக்கும் இடையிலுள்ள கோடு அங்கேதான் இருக்கிறது.

1787 ஏப்ரலில் யேர்மன் கவிஞர் கோத்தே பலெர்மோவுக்கு வந்தார். இந்த மாயக்காரரின் பூர்வீகத்தை அறிய ஆவல்கொண்டு, வில்ற்றன் என்ற ஆங்கிலேயராகத் தன்னைச் சொல்லிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனார். மகனைப் பற்றி இலண்டனிலிருந்து நல்ல செய்தி கொண்டுவந்திருப்பதாகக் கூறினார். இம்முறை வேடம் போட்டவர் விருந்தாளி.

ஏழை வீடு. வயது முதிர்ந்த தாய்க்குக் காது மந்தம். கணவனை இழந்த சகோதரி மூன்று பிள்ளைகளோடு அதே வீட்டில் இருந்தார். அவர்கள் கதைத்தது எதிலும் மந்திரம் இல்லை. மகன் சிறையிலிருந்து தப்பிவிட்டான் என்று கேட்டுத் தாய் மகிழ்ந்தார். சகோதரிக்கோ ஒரு முறைப்பாடு இருந்தது. தம்பி ஊரைவிட்டு ஓடியபோது அவர் அடைவு வைத்திருந்த பொருட்களைத் தானே மீட்டுக் கொடுத்ததாகவும், அந்த 14 ஒன்சா பணம் இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். பெரிய செல்வத்தோடு வாழ்கிறார் என்று கேள்விப்படுகிறோம், எங்களை நினைக்கவில்லையே என்பதுதான் அவருடைய ஆதங்கம். கடிதம் ஒன்றை எழுதிவைத்து, மகனிடம் சேர்க்கும்படி விருந்தாளியிடம் கொடுத்தார்கள்.

கோத்தேயின் மனம் உறுத்தியது. அந்த 14 ஒன்சாவைத் தானே கொடுத்துவிட எண்ணினார். பயணத்தில் அவ்வளவு கைவசம் இருக்கவில்லை. நாடு திரும்பியபின் நண்பர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பணம் சேர்த்து அனுப்பினார். 1788 நத்தார் காலத்தில் தாய் மகனுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். மகன்தான் அனுப்பினான் என்று அவர் நம்பியிருந்தார்.

புலம்பெயர்ந்தோருக்கு இந்த இடம் எளிதில் விளங்கும். அந்நிய நாட்டில் உயிர்வாழப் பெயரைச் சுருக்கியவர்களும், உடுப்பை மாற்றியவர்களும், அரைகுறை மொழியில் தங்களைப் புதிதாக அறிமுகம் செய்தவர்களும் எங்களிடையே நிறையப் பேர். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கலியொஸ்த்ரோவின் குறை உடை மாற்றியதில் இல்லை. அரசவைகளைக் கட்டியாண்ட காலத்திலும், அவர் மந்திரமில்லாமலே கொடுத்திருக்கக்கூடிய 14 ஒன்சா அல்பெர்கெரியாவுக்குப் போய்ச் சேரவில்லை.

1789 டிசம்பர் 27இல் உரோமில் பாப்பரசரின் காவலர் அவரைக் கைதுசெய்தனர். மனைவியே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 1791 ஏப்ரலில் விதிக்கப்பட்ட மரண தண்டனை ஆயுள் சிறையாக மாற்றப்பட்டது. எகிப்தியச் சடங்கின் நூல்களையும் அடையாளப் பொருட்களையும் உரோமின் மினேர்வா சதுக்கத்தில் மக்கள் முன் எரித்தார்கள். மலையுச்சியிலுள்ள சான் லெயோ கோட்டையில், 1795 ஓகஸ்ட் 26இல், 52 வயதில் அவர் இறந்தார்.

வழக்கு நடந்த 1786ஆம் ஆண்டில் சிற்பி ஊதோன் அவருடைய மார்பளவு உருவத்தைச் சலவைக்கல்லில் செதுக்கினார். அது இன்று வோஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் சரிகையும் இல்லை, படைவீரன் சட்டையும் இல்லை. கழுத்து திறந்த ஒரு சாதாரண உட்சட்டைதான் இருக்கிறது. அந்த முகத்தைப் பல்லரோ சந்தையில் கண்டால், மீன் விற்கும் யாரோ ஒருவரென்று நாங்கள் கடந்துபோவோம். அவருடைய தாயாருக்கு மட்டும் அது பெரிய கொப்தரோ கேணலோ அல்ல. எப்போதுமே ஜூசெப்பேயின் முகம்தான்.