தொழில் யாதெனக் கேட்ட மருத்துவர்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

நோயாளியின் நாடியைப் பார்த்த மருத்துவர் பலர். அவன் கையின் காய்ப்பையும் பார்த்தவர் சிலரே. அச்சிலருள் தலையாயவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி. தொழில்வழி மருத்துவத்தின் தந்தை என உலகம் அவரைப் போற்றுகிறது.

இத்தாலி நாட்டின் கார்ப்பி என்னும் ஊரில் 1633-ஆம் ஆண்டு பிறந்த இவர், பார்மாவில் பயின்று 1659-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மோடெனாவில் பேராசிரியரானார். அங்கு ஒரு நாள், தம் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்ய வந்தவர் பதற்றத்துடன் விரைவதைக் கண்டு காரணம் வினவினார். குழிக்குள் நெடுநேரம் இருந்தால் கண் கெடும் என்பதை அறிந்தார். அத்தொழில் செய்தோர் பார்வையிழந்து பிச்சையெடுத்ததையும் கண்டார். அன்றுமுதல் பட்டறை பட்டறையாகச் சென்று ஆராய்ந்தார். அதன் பயனே தொழிலாளர் நோய்கள் பற்றி 1700-இல் அவர் வெளியிட்ட இலத்தீன் நூல். 1713-இல் விரிவுபெற்ற அந்நூல், 50-க்கும் மேற்பட்ட தொழில்களை ஆராய்கிறது. நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்பவற்றோடு தொழில் யாது என்றும் கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1714-இல் பாதுவா நகரில் அவர் மறைந்தார்.

நார் சீவுவோர் தூசியைச் சுவாசித்து இருமலாலும் இரைப்பாலும் வாடுவதை அந்நூல் விளக்குகிறது. அதை அறிந்தபோது என் வெள்ளகோவில் கண்முன் நின்றது. என் தந்தையார் நூல் மில்லில் கழிவுப் பஞ்சோடு உழைப்பவர். ஞாயிறு ஓய்வுக்குப் பின் திங்களன்று அவருக்கு நெஞ்சு இறுகும். பஞ்சுத்தூசியால் வரும் பைசினோசிஸ் நோயின் அடையாளமும் இதுவே. இருமல் மருந்து எழுதித் தந்தவர் எவரும் அவர் தொழிலைக் கேட்டதில்லை.

இன்று துணிகளில் கிருமிகளைத் தடுக்க வெள்ளி நானோ துகள்களும் பயன்படுகின்றன. நானோ துகள் 1 முதல் 100 நானோமீட்டர் அளவுடையது. தலைமயிரின் பருமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இத்துகள்களிலிருந்து தொழிலாளரைக் காக்க உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தூசி எழும் இடத்தை மூடுவதும், எழுந்ததை அங்கேயே உறிஞ்சி அகற்றுவதும் முதற்கடமை. முகக்கவசம் இறுதிக் காவலே. பஞ்சுக்கும் இவ்விதி பொருந்தும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவன் நான். அடுத்த முறை தந்தையாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, கேளாவிட்டாலும், அவர் தொழிலை முதலில் சொல்வேன். ரமஸ்ஸினிக்கு நான் செலுத்தும் நன்றி அதுவே.